பயங்கரவாத எதிர்ப்பில் பன்னாட்டு ஒத்துழைப்பு: ‘ஒப்படை, இல்லையேல் விசாரி’

பயங்கரவாத எதிர்ப்பில் பன்னாட்டு ஒத்துழைப்பு என்பது, ஒரு நாட்டில் தாக்குதல் நடத்திவிட்டு இன்னொரு நாட்டில் ஒளிந்துகொள்பவரைப் பிடிப்பது, அவர்மீது வழக்கு நடத்துவது, அவருக்குப் பணமும் வெடிபொருளும் கிடைக்காமல் தடுப்பது ஆகியவற்றில் அரசுகள் ஒன்றுக்கொன்று உதவிக்கொள்வதற்காகச் செய்துள்ள ஏற்பாடுகளைக் குறிக்கும். ஒரு நாட்டுக் காவலரின் அதிகாரம் அந்நாட்டின் எல்லையோடு முடிந்துவிடுகிறது. எல்லைக்கு அப்பால் ஒருவரைக் கைது செய்யவோ விசாரிக்கவோ அந்த நாட்டு அரசின் இசைவு வேண்டும். இந்த இசைவை எப்படிப் பெறுவது என்பதே ஒத்துழைப்பின் அடிப்படைக் கேள்வி.

இதில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. ‘பயங்கரவாதம்’ என்ற சொல்லுக்கு உலக நாடுகள் அனைத்தும் ஏற்றுக்கொண்ட பொது வரையறை இன்றுவரை இல்லை. ஆனாலும் ஒத்துழைப்பு நடந்துகொண்டுதான் இருக்கிறது. அது எவ்வாறு இயல்கிறது, எங்கே தடுமாறுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. முதன்மை எடுத்துக்காட்டாக 1988ஆம் ஆண்டின் லாக்கர்பி விமானக் குண்டுவெடிப்பு வழக்கு எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது.

முதல் முயற்சி: 1937 உடன்படிக்கை

1934 அக்டோபர் 9 அன்று பிரான்சின் மார்செய் நகரில் யூகோஸ்லாவியா மன்னர் முதலாம் அலெக்சாந்தர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடன் இருந்த பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் லூயி பார்த்துவும் உயிரிழந்தார். சதியில் தொடர்புடையவர்கள் என்று கருதப்பட்ட சிலர் இத்தாலியில் இருந்தனர். அவர்களை ஒப்படைக்குமாறு பிரான்சு கேட்டது. இது அரசியல் குற்றம், அரசியல் குற்றத்திற்காக எவரையும் ஒப்படைக்க முடியாது என்று கூறி இத்தாலியின் தூரின் நகர நீதிமன்றம் மறுத்துவிட்டது.

அரசியல் காரணங்களுக்காகத் தேடப்படுபவரை ஒப்படைக்கக் கூடாது என்ற கொள்கை பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் வளர்ந்தது. கொடுங்கோல் அரசிடமிருந்து தப்பி வந்தவரைக் காப்பதே அதன் நோக்கம். அதே கொள்கை இப்போது கொலைச் சதிகாரருக்கும் கேடயமாகிவிட்டது. ஆகவே நாடுகளின் சங்கம் இதை ஆராய்ந்து, 1937 நவம்பர் 16 அன்று ஜெனீவாவில் பயங்கரவாதத் தடுப்பு உடன்படிக்கை ஒன்றை உருவாக்கியது. 24 நாடுகள் கையெழுத்திட்டன. ஆனால் அதை முறைப்படி உறுதி செய்தது ஒரே ஒரு நாடுதான்: இந்தியா. உலகப் போர் மூண்டதால் அந்த உடன்படிக்கை நடைமுறைக்கு வராமலேயே போனது.

அன்றைய இந்தியா பிரித்தானியர் ஆட்சியில் இருந்தது என்பதை மாணவர்கள் மறக்கக் கூடாது. அந்த ஆட்சியாளர்கள் ‘பயங்கரவாதிகள்’ என்று அழைத்தவர்களில், 1931இல் தூக்கிலிடப்பட்ட பகத் சிங் போன்றவர்களும் அடங்குவர். அவர்களை இன்று நாம் விடுதலைப் போராட்ட வீரர்களாகப் போற்றுகிறோம். வரையறைச் சிக்கல் இங்கேயே தொடங்கிவிடுகிறது.

வரையறைச் சிக்கல்

1972 செப்டம்பரில் மியூனிக் ஒலிம்பிக் போட்டியின்போது இசுரேலிய அணியைச் சேர்ந்த 11 பேர் கொல்லப்பட்டனர். அதன் பிறகு ஐக்கிய நாடுகள் பொதுச் சபை இச்சிக்கலைக் கையில் எடுத்தது. விவாதம் விரைவில் இரு அணிகளாகப் பிரிந்தது. பொதுமக்களைக் கொல்லும் எந்தச் செயலும், நோக்கம் எதுவாக இருந்தாலும், குற்றமே என்றது ஓர் அணி. குடியேற்ற ஆட்சியையும் அந்நிய ஆக்கிரமிப்பையும் எதிர்த்துப் போராடும் மக்களைப் பயங்கரவாதிகள் என்று முத்திரை குத்தக் கூடாது, அரசுகள் செய்யும் வன்முறையையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்றது மற்ற அணி. அப்போதுதான் விடுதலை பெற்றிருந்த ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றுக்கு இது தங்கள் சொந்த வரலாறாகவே இருந்தது.

இதற்கு நெல்சன் மண்டேலா ஓர் எடுத்துக்காட்டு. அவர் 1993இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார். 1994இல் தென்னாப்பிரிக்கக் குடியரசுத் தலைவரானார். ஆனால் அமெரிக்காவின் பயங்கரவாதக் கண்காணிப்புப் பட்டியலிலிருந்து அவர் பெயர் 2008ஆம் ஆண்டில்தான் நீக்கப்பட்டது.

1996இல் இந்தியா, பயங்கரவாதம் முழுவதற்குமான ஒரே உடன்படிக்கையின் வரைவை ஐ.நா.வில் முன்வைத்தது. பேச்சுகள் பல ஆண்டுகள் நடந்தும் அது நிறைவேறவில்லை. விடுதலைப் போராட்டங்களுக்கு விலக்கு உண்டா, அரசுப் படைகளின் செயல்களும் இதில் அடங்குமா என்ற அதே இரண்டு கேள்விகள்தான் தடையாக நிற்கின்றன.

செயலை மட்டும் தடை செய்யும் வழி

சொல்லுக்குப் பொருள் சொல்ல முடியாத நாடுகள் வேறொரு வழியைக் கண்டுபிடித்தன. ‘பயங்கரவாதி யார்?’ என்ற கேள்வியை ஒதுக்கி வைத்துவிட்டு, ‘எந்தச் செயலை எவருமே செய்யக் கூடாது?’ என்று கேட்டன. விமானம் கடத்துவது அத்தகைய செயல். அதைச் செய்பவரின் அரசியல் எதுவாயினும், விமானத்தில் இருப்பவர்கள் சாதாரணப் பயணிகள். மேலும், எந்த நாட்டு விமானமும் நாளை கடத்தப்படலாம் என்ற அச்சம் எல்லா அரசுகளுக்கும் இருந்தது.

1969ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் 80க்கும் மேற்பட்ட விமானக் கடத்தல் முயற்சிகள் நடந்தன. 1970 செப்டம்பரில் பாலஸ்தீன அமைப்பு ஒன்று பயணிகள் விமானங்களைக் கடத்தி, ஜோர்டானில் உள்ள ஒரு பாலைவன ஓடுதளத்தில் இறக்கி, பயணிகளை வெளியேற்றியபின் அவற்றை வெடிவைத்துத் தகர்த்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஹேக் உடன்படிக்கை உருவானது. அதன் பின் ஒவ்வொரு செயலுக்கும் ஓர் உடன்படிக்கையாகப் பட்டியல் நீண்டது.

1970 – விமானக் கடத்தல் (ஹேக்)
1971 – விமானத்தில் குண்டு வைத்தல், நாசவேலை (மாண்ட்ரியல்)
1973 – தூதர்கள் மீதான தாக்குதல்
1979 – பிணைக்கைதிகளாகப் பிடித்தல்
1980 – அணுப்பொருள்களின் பாதுகாப்பு
1988 – கப்பல்கள் மீதான தாக்குதல்
1991 – பிளாஸ்டிக் வெடிபொருள்களைக் கண்டறிய அடையாளமிடுதல்
1997 – பொது இடங்களில் குண்டு வைத்தல்
1999 – பயங்கரவாதத்திற்கு நிதி அளித்தல்
2005 – அணு ஆயுதப் பயங்கரவாதம்

‘ஒப்படை, இல்லையேல் விசாரி’ விதி

இந்த உடன்படிக்கைகளில் பெரும்பாலானவற்றின் உயிர்நாடி ஒரே விதிதான். குற்றம் சாட்டப்பட்டவர் உன் நாட்டில் இருந்தால் அவரைக் கேட்கும் நாட்டிடம் ஒப்படைத்துவிடு. ஒப்படைக்க விருப்பமில்லை என்றால் உன் நாட்டு அதிகாரிகளிடம் வழக்கை ஒப்புவித்து நீயே நடவடிக்கை எடு. இரண்டில் ஒன்றைச் செய்தே ஆக வேண்டும். செய்திகளில் ‘நாடு கடத்தல்’ என்று நாம் படிப்பது பெரும்பாலும் இந்த ஒப்படைப்பையே குறிக்கிறது.

இந்த விதியின் பயன் என்னவென்றால், குற்றவாளிக்கு ஒளிந்துகொள்ள இடம் இல்லாமல் போகிறது. தன் குடிமகனை வெளிநாட்டிடம் ஒப்படைக்கக் கூடாது என்று சட்டம் வைத்திருக்கும் நாடும் இதில் சேர முடிகிறது. 1997 உடன்படிக்கை இன்னும் ஒரு படி மேலே போய், குண்டு வைத்தலை அரசியல் குற்றம் என்று சொல்லி ஒப்படைக்க மறுக்க முடியாது என்று விதித்தது. 1987இல் காட்மாண்டுவில் சார்க் நாடுகள் செய்துகொண்ட பயங்கரவாத ஒடுக்க உடன்படிக்கையும் இந்தக் கருத்தை ஏற்றது. இவ்வாறு 1934இல் எழுந்த சிக்கலுக்கு ஏட்டளவில் விடை கிடைத்தது.

ஆனால் விதியில் ஓர் இடைவெளி உள்ளது. குற்றத்தைச் செய்ததே ஓர் அரசு என்று சந்தேகம் எழுந்தால், அந்த அரசே விசாரணை நடத்துவதை யார் நம்புவார்கள்? வேலிக்கு ஓணான் சாட்சி சொன்ன கதையாகிவிடாதா? இந்தக் கேள்வியைத்தான் லாக்கர்பி வழக்கு உலகின் முன் வைத்தது.

லாக்கர்பி வழக்கு

1988 டிசம்பர் 21 மாலை, லண்டனிலிருந்து நியூயார்க் சென்ற பான் ஆம் 103 விமானம் ஸ்காட்லாந்தின் லாக்கர்பி என்ற சிற்றூருக்கு மேலே வெடித்துச் சிதறியது. விமானத்தில் இருந்த 259 பேரும், தரையில் 11 பேருமாக 270 பேர் இறந்தனர். இறந்தவர்கள் 21 நாடுகளைச் சேர்ந்தவர்கள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்காக வீடு திரும்பிக்கொண்டிருந்த அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் பலர் அவர்களில் இருந்தனர்.

சிதறிய பொருள்களைக் காவலர்கள் பல சதுர மைல் பரப்பில் தேடிச் சேகரித்தனர். ஒரு பெட்டிக்குள் இருந்த ரேடியோ கேசட் கருவியில் வெடிபொருள் மறைக்கப்பட்டிருந்தது தெரிந்தது. பெட்டியில் இருந்த துணிகள் மால்டா தீவில் ஒரு கடையில் வாங்கப்பட்டவை. வெடிநேரத்தைக் குறிக்கும் கருவியின் சில்லு சுவிட்சர்லாந்து நிறுவனம் ஒன்றோடு பொருந்தியது என்று புலனாய்வாளர்கள் கூறினர். மால்டா, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, அமெரிக்கா, பிரிட்டன் ஆகிய நாடுகளின் காவல்துறைகள் சேர்ந்து உழைக்காமல் இந்த இழையைப் பின்தொடர்ந்திருக்க முடியாது. 1991 நவம்பரில் லிபியாவைச் சேர்ந்த இருவர்மீது அமெரிக்காவும் பிரிட்டனும் குற்றம் சாட்டின.

லிபியா ஒப்படைக்க மறுத்தது. அதன் வாதம் சட்டப்படி வலுவானது. 1971 மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி, ஒப்படைக்காவிட்டால் தாமே விசாரிக்கலாம். நாங்கள் விசாரிக்கிறோம், சான்றுகளை அனுப்புங்கள் என்றது. குற்றத்தில் லிபிய அரசுக்கே பங்கு உண்டு என்று கருதிய அமெரிக்காவும் பிரிட்டனும் இதை ஏற்கவில்லை. ஐ.நா. பாதுகாப்புக் கவுன்சிலுக்குச் சென்றன. 1992 மார்ச்சில் 748ஆம் தீர்மானம் லிபியாவுக்கான விமானப் போக்குவரத்தையும் ஆயுத விற்பனையையும் தடை செய்தது. லிபியா பன்னாட்டு நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது. ஐ.நா. சாசனத்தின் கீழான கடமை மற்ற உடன்படிக்கைகளுக்கு மேலானது என்பதால், இடைக்கால ஆணை பிறப்பிக்க அந்த நீதிமன்றம் மறுத்துவிட்டது.

அதன் பின் ஏழு ஆண்டுகள் இழுபறி நீடித்தது. பொருளாதாரத் தடையால் லிபிய மக்கள் துன்பப்பட்டனர். இறந்தவர்களின் குடும்பங்களுக்கோ ஒரு நாள் விசாரணைகூடக் கிடைக்கவில்லை. இரு தரப்பும் ஏற்கத்தக்க மூன்றாவது இடத்தில் விசாரிக்கலாம் என்ற யோசனை மெல்ல வலுப்பெற்றது. 1998 ஜூனில் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு, இந்த யோசனை ஏற்கப்படாவிட்டால் தடைகளைத் தாம் மதிக்கப் போவதில்லை என்று அறிவித்தது. மண்டேலாவும் ஐ.நா. பொதுச் செயலாளர் கோஃபி அன்னானும் லிபியத் தலைவர் கடாபியிடம் பேசினர். ஒரு காலத்தில் பயங்கரவாதி என்று அழைக்கப்பட்டவரே இங்கு நம்பிக்கைக்குரிய நடுவராக விளங்கினார்.

இறுதியில் யாரும் முன்பு கண்டிராத ஏற்பாடு ஒன்று உருவானது. நெதர்லாந்தில் சைஸ்ட் என்னும் இடத்தில் இருந்த பழைய அமெரிக்க வான்படைத் தளம் நீதிமன்றமாக மாற்றப்பட்டது. இடம் நெதர்லாந்து, சட்டம் ஸ்காட்லாந்துச் சட்டம், நீதிபதிகள் மூவரும் ஸ்காட்லாந்தினர், வழக்கமான நடுவர் குழு இல்லை. 1999 ஏப்ரல் 5 அன்று குற்றம் சாட்டப்பட்ட இருவரும் ஒப்படைக்கப்பட்டனர். உடனே தடைகள் நிறுத்தி வைக்கப்பட்டன. 2001 ஜனவரி 31 அன்று தீர்ப்பு வந்தது. அப்துல் பாசித் அல் மெக்ராகி குற்றவாளி. லாமின் கலீஃபா ஃபிமா குற்றமற்றவர். 2003இல் லிபியா பொறுப்பை ஏற்று, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கோடி டாலர் வரை இழப்பீடு தர ஒப்புக்கொண்டது.

இத்துடன் ஐயங்கள் தீர்ந்துவிடவில்லை. மெக்ராகிக்கு அநீதி நேர்ந்திருக்கக்கூடும் என்று 2007இல் ஸ்காட்லாந்தின் மறுஆய்வு ஆணையம் கூறியது. புற்றுநோயால் பாதிக்கப்பட்ட அவர் 2009இல் கருணை அடிப்படையில் விடுவிக்கப்பட்டு 2012இல் லிபியாவில் இறந்தார். அவர் குடும்பத்தினர் தொடர்ந்த மேல்முறையீடு 2021இல் தள்ளுபடி செய்யப்பட்டது. ஆயினும் சாட்சிகள் வெளிப்படையாக விசாரிக்கப்பட்டதாலும், ஒருவர் விடுதலை செய்யப்பட்டதாலும், அது கண்துடைப்பு விசாரணை அல்ல என்பது தெளிவானது. தீர்ப்பைக் குறை கூறுபவர்களும் அந்த நீதிமன்றத்தில் பதிவான சான்றுகளை வைத்தே குறை கூற முடிகிறது.

இந்திய வழக்குகள்

ஒப்படைப்பு விதி நடைமுறையில் எப்படி வளைந்துகொடுக்கிறது என்பதை இரண்டு இந்திய வழக்குகள் காட்டுகின்றன.

முதலாவது, 257 பேர் உயிரிழந்த 1993 மும்பைத் தொடர் குண்டுவெடிப்பு வழக்கு. அதில் தேடப்பட்ட அபு சலேம் 2002இல் போர்ச்சுகலின் லிஸ்பனில் பிடிபட்டார். மரண தண்டனையை ஒழித்துவிட்ட நாடு போர்ச்சுகல். ஆகவே மரண தண்டனையோ 25 ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறையோ விதிக்கப்படாது என்று இந்தியா உறுதியளித்த பிறகே 2005இல் அவரை ஒப்படைத்தது. 2017இல் அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டபோது, அந்த உறுதிமொழி என்னவாயிற்று என்ற கேள்வி எழுந்தது. அரசு தன் வாக்கைக் காக்கக் கடமைப்பட்டது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இன்று ஒரு நாட்டுக்குக் கொடுத்த வாக்கை மீறினால், நாளை எந்த நாடும் எவரையும் ஒப்படைக்காது என்பதே இதன் பொருள்.

இரண்டாவது, 166 பேர் கொல்லப்பட்ட 2008 மும்பைத் தாக்குதல். இடங்களை வேவு பார்த்த டேவிட் ஹெட்லி அமெரிக்காவில் பிடிபட்டு, குற்றத்தை ஒப்புக்கொண்டார். அதற்கு ஈடாக, அவரை இந்தியாவிடம் ஒப்படைப்பதில்லை என்று அமெரிக்க அரசு உடன்பட்டது. அவருக்கு அங்கேயே 35 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 2016இல் காணொளி வாயிலாக மும்பை நீதிமன்றத்தில் சாட்சியம் அளித்தார். அவருடைய கூட்டாளி என்று குற்றம் சாட்டப்பட்ட தஹாவூர் ராணாவோ நெடிய சட்டப் போராட்டத்திற்குப் பின் 2025 ஏப்ரலில் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டார். ஒரே தாக்குதலில் ஒருவர் அங்கே விசாரிக்கப்பட்டார், மற்றவர் இங்கே அனுப்பப்பட்டார். விதியின் இரு கிளைகளையும் இதில் காணலாம்.

2001க்குப் பின்: பட்டியல்கள்

2001 செப்டம்பர் 11 தாக்குதல் வரை, நிதித் தடுப்பு உடன்படிக்கையை உறுதி செய்த நாடுகள் நான்கே: பிரிட்டன், இலங்கை, போட்ஸ்வானா, உஸ்பெகிஸ்தான். தாக்குதல் நடந்து மூன்று வாரங்களுக்குள், செப்டம்பர் 28 அன்று, பாதுகாப்புக் கவுன்சில் 1373ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. பயங்கரவாதத்துக்கு நிதி அளிப்பதைக் குற்றமாக்குவது, சொத்துகளை முடக்குவது, அடைக்கலம் மறுப்பது ஆகியவை எல்லா நாடுகளுக்கும் கட்டாயமாயின. ஆனால் பயங்கரவாதம் என்றால் என்ன என்று இத்தீர்மானமும் சொல்லவில்லை. அதனால் ஒவ்வோர் அரசும் தனக்கு ஏற்ற வரையறையை எழுதிக்கொள்ள முடிந்தது. தன்னை விமர்சிப்பவர்களையும் அதற்குள் அடக்கிவிடும் ஆபத்தும் வந்தது.

1999இன் 1267ஆம் தீர்மானத்தின்கீழ் வேறொரு முறை வளர்ந்தது. பாதுகாப்புக் கவுன்சிலின் குழு ஒருவர் பெயரைப் பட்டியலில் சேர்த்தால், உலகெங்கும் அவருடைய சொத்து முடக்கப்படும். அவர் பயணம் செய்ய முடியாது. இதற்கு நீதிமன்றத் தீர்ப்பு தேவையில்லை. விரைவாகச் செயல்படலாம் என்பது இதன் நன்மை. குறைகள் இரண்டு.

முதற்குறை, அரசியல் தடை. குழுவின் உறுப்பு நாடு ஒன்று மறுத்தாலே பெயரைச் சேர்க்க முடியாது. 1999 டிசம்பரில் கடத்தப்பட்ட இந்தியன் ஏர்லைன்ஸ் விமானத்தின் பயணிகளை மீட்க, இந்தியா விடுவித்தவர்களுள் ஒருவர் மசூத் அசார். அவர் பெயரைச் சேர்க்க இந்தியா எடுத்த முயற்சிகளைச் சீனா பல ஆண்டுகள் நிறுத்தி வைத்தது. 2019 மே 1 அன்றுதான் அவர் பட்டியலில் இடம்பெற்றார்.

இரண்டாம் குறை, தவறாகச் சேர்க்கப்பட்டவர் முறையிட வழியில்லாமை. சவூதி வணிகர் யாசின் காதியின் பெயர் 2001 அக்டோபரில் சேர்க்கப்பட்டது. தன்மீதான சான்று என்ன என்றே அவருக்குச் சொல்லப்படவில்லை. 2008 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம், ஐ.நா. முடிவை நிறைவேற்றுவதானாலும் ஒருவரின் தற்காப்பு உரிமையைப் பறிக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. அதன் எதிரொலியாக 2009இல் ஐ.நா., முறையீடுகளைக் கேட்கக் குறைதீர்ப்பாளர் பதவி ஒன்றை உருவாக்கியது. காதியின் பெயர் 2012இல் நீக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் தனக்கெனத் தனிப் பட்டியல் வைத்துள்ளது. அதில் 2006இல் விடுதலைப் புலிகள் அமைப்பு சேர்க்கப்பட்டது. அதற்குச் சான்றாகப் பத்திரிகை, இணையச் செய்திகளைக் காட்டியது போதாது என்று 2014இல் ஐரோப்பியப் பொது நீதிமன்றம் கூறியது. இது நடைமுறைக் குறை பற்றிய தீர்ப்பே. அந்த அமைப்பின் தன்மை பற்றிய தீர்ப்பு அன்று என்றும் அந்நீதிமன்றம் குறிப்பிட்டது.

காவல்துறைத் தொடர்பும் பணக் கண்காணிப்பும்

திரைப்படங்களில் இன்டர்போல் அதிகாரிகள் நாடு நாடாகப் பறந்து கைது செய்வதைப் பார்க்கிறோம். உண்மையில் இன்டர்போலுக்குக் கைது அதிகாரம் கிடையாது. 196 உறுப்பு நாடுகளின் காவல்துறைகள் தகவல் பரிமாறிக்கொள்ளும் அமைப்பு அது. ‘சிவப்பு அறிவிப்பு’ என்பது பிடியாணை அன்று; தேடப்படுபவரைக் கண்டறிந்து தற்காலிகமாகப் பிடித்து வைக்குமாறு விடுக்கும் வேண்டுகோளே. அரசியல், ராணுவ, மத, இன விவகாரங்களில் தலையிடக் கூடாது என்று அதன் அமைப்பு விதியே தடுக்கிறது.

பணப் பக்கத்தைக் கவனிப்பது 1989இல் தொடங்கப்பட்ட நிதி நடவடிக்கைப் பணிக்குழு. சட்டங்கள் பலவீனமாக உள்ள நாடுகளை அது ‘சாம்பல் பட்டியலில்’ சேர்க்கிறது. 2018 ஜூன் முதல் 2022 அக்டோபர் வரை பாகிஸ்தான் அப்பட்டியலில் இருந்தது. வெளிநாட்டு முதலீடும் கடனும் பாதிக்கப்படும் என்ற அச்சமே இதன் பலம்.

மதிப்பீடு

அரசுகள் ஒத்துழைப்பது ஒன்றையொன்று முழுமையாக நம்புவதால் அன்று. நம்பாத நாடுகளும் ஏற்கக்கூடிய ஒரு விசாரணை கிடைக்கும்போது ஒத்துழைப்பு நடக்கிறது. லாக்கர்பியில் அந்த இடத்தைக் கண்டுபிடிக்க ஏழு ஆண்டுகள் ஆயின. அபு சலேம் வழக்கில் ஒரு நாட்டின் வாக்குறுதி அந்த வேலையைச் செய்தது. காதி வழக்கில் விசாரணையே இல்லாததால், ஐ.நா.வின் நடைமுறையையே மாற்ற வேண்டி வந்தது.

நியாயமான விசாரணை என்பது குற்றம் சாட்டப்பட்டவருக்குக் காட்டும் சலுகை என்று பலர் நினைக்கிறார்கள். இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் அது தேவை. தம் பிள்ளையைக் கொன்றவர் யார் என்பதை அரசியல்வாதியின் பேச்சிலிருந்து அல்லாமல், சான்றுகளின் வழியே அறிந்துகொள்ள அவர்களுக்கு வேறு வழி இல்லை. அடுத்த முறை ஓர் ‘ஒப்படைப்பு’ செய்தியைப் படிக்கும்போது, யார் கேட்கிறார்கள், எந்த உடன்படிக்கையின்கீழ், எந்த நீதிமன்றத்தில், என்ன உறுதிமொழியுடன் என்று நான்கு கேள்விகளை எழுப்பிப் பார்த்தால், செய்தியின் பாதி தானே விளங்கிவிடும்.